துளையும் துகளும்

மின்சாரத்தால் சுழலும் டிரில் மெஷினை முதன்முதலாகக் கையில் எடுக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது: துளை போடுவது பலத்தைப் பொறுத்த காரியம் என்றும், அந்தப் பலம் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறபடியால், விசையை முழுவதும் அழுத்திக்கொண்டு எதிரே இருக்கும் வஸ்து எதுவாயினும் அதன்மேல் சாய்ந்து நின்றால் போதும் என்றும். மரப்பலகையில் இது ஒருவாறு பலிக்கவும் செய்கிறது. அந்த வெற்றியே அவர்களை மறுநாள் ஜன்னல் இரும்பிலும், அதற்கடுத்த நாள் குளியலறை டைல்ஸிலும் தோல்விக்குக் கொண்டுபோய் விடுகிறது. சுழற்சி ஒன்றேயாயினும், அது மரத்தைச் சீவுகிறது. இரும்பை வெட்டிச் சுருட்டுகிறது. செங்கல்லையும் கான்கிரீட்டையும் இடித்துப் பொடியாக்குகிறது. கண்ணாடியையும் கிரானைட்டையும் தேய்த்துக் கரைக்கிறது. இவற்றுள் எது நடக்கிறது, நடப்பது ஒழுங்காக நடக்கிறதா என்பதைத் துளைக்குள் எட்டிப் பார்த்து அறிய முடியாது. வெளியே வந்து விழும் துகளைப் பார்த்தே அறிய வேண்டும். ஆகையால் இந்த அத்தியாயம் கருவியைப் பற்றியது என்பதைவிடத் துகளைப் பற்றியது என்று வாசகர் எடுத்துக்கொண்டால் பிழையில்லை.

இந்தக் கருவியின் சரித்திரத்தில் துகளுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்றே சொல்வேன். மெல்போர்ன் நகரத்தில் ஆர்னாட், பிரெய்ன் என்ற இருவர் 1889-இல் மின்சாரத்தால் துளையிடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1895-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் தொழிற்சாலையார் அதைக் கையில் தூக்கிப் பிடிக்கக்கூடியதாகச் செய்தார்கள். 1917-இல் அமெரிக்காவில் பிளாக், டெக்கர் என்ற கூட்டாளிகள் கைத்துப்பாக்கியைப் போன்ற பிடியும் விசையும் அதற்கு அமைத்துக் காப்புரிமை பெற்ற பின்னரே இன்று நாம் காணும் உருவம் நிலைபெற்றது. இவர்கள் யாவரும் சுழற்றுவதைப் பற்றிச் சிந்தித்தவர்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே, 1863-இல், ஸ்டீபன் மோர்ஸ் என்ற அமெரிக்கர், எஃகுத் தண்டின் உடம்பில் திருகலாக இரண்டு வாய்க்கால்கள் ஓடவிட்டு, நுனி வெட்ட வெட்ட, வெட்டுண்டது தானாகவே மேலேறி வெளிவரும்படியான பிட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை வழங்கிய தட்டை நுனிப் பிட்டுகளில் வெட்டுண்ட துகள் துளைக்குள்ளேயே தங்கி, நுனியின் வழியை மறித்துக்கொண்டு கிடந்தது. இன்று ஹார்டுவேர் கடையில் நாம் கேட்டு வாங்கும் சாதாரணப் பிட் மோர்ஸின் வழி வந்ததுதான். ஆனால் அதன் வாய்க்கால் அடைபட்டுவிட்டால் அது அந்தக் க்ஷணமே மோர்ஸுக்கு முந்தைய காலத்துக்குத் திரும்பிவிடுகிறது. எந்தப் பொருளிலும், துளை பிட்டின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழமானதும், சுழற்சியை நிறுத்தாமலே பிட்டை ஒரு முறை வெளியே இழுத்துத் துகளை உதறிவிட்டு மீண்டும் செலுத்த வேண்டும் என்ற விதி இதிலிருந்து பிறப்பதே.

இயந்திரத்தின் அங்கங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பிட்டைக் கவ்வும் சக்கை இறுக்கும்போது, சாவியை ஒரு துளையில் மட்டும் வைத்துத் திருகி நிறுத்திவிடாமல் மூன்று துளைகளிலும் வைத்து இறுக்க வேண்டும். இறுக்கியதும் சாவியை எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடலாமென்றால், அதை மறந்தவர்களின் முகத்தில் அது வந்து தாக்கியது உண்டு என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. வலமும் இடமும் சுழல வைக்கும் குமிழ் ஒன்று விசையருகே இருக்கும். துகளே வரவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குமிழைத்தான். தலைகீழாகச் சுழலும் பிட் எதையும் வெட்டாமல் தேய்த்துச் சூடேறிக்கொண்டே இருக்கும். மூன்றாவதாக, சுத்தியல் படம் பொறித்த மாற்றுவிசை. அது கொத்துகிற காரியத்துக்கு மட்டும் உரியது. மரம், இரும்பு, டைல்ஸ், கண்ணாடி ஆகிய எதிலும் அதைத் தொடலாகாது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது உபயோகமானது. பிட்டின் வெட்டும் வேலை அதன் விளிம்பில் நடக்கிறது. பருத்த பிட்டின் விளிம்பு ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடுகிறது. சாதாரண இரும்பை வெட்டும்போது அந்த விளிம்பு நிமிஷத்துக்குச் சுமார் 25 மீட்டர் ஓடலாம் என்பது பட்டறைக் கணக்கு. அப்படியானால் 6 மில்லிமீட்டர் பிட் நிமிஷத்துக்குச் சுமார் 1,300 முறை சுழலலாம். 12 மில்லிமீட்டர் பிட் அதில் பாதிதான் சுழல வேண்டும். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் இயந்திரங்களோ பெரும்பாலும் 2,500-க்கும் மேற்பட்ட சுற்றுகளை அளிக்க வல்லவை; ஆதலால் இரும்பு வேலையில் விசையை முழுவதும் அழுத்துகிறவர், அறியாமலே பிட்டைக் கொளுத்திக்கொண்டிருக்கிறார். பருமனும் கடினமும் ஏற ஏற வேகம் குறைய வேண்டும். வேகம் குறைகிற அளவுக்கு அழுத்தம் உறுதிப்பட வேண்டும்.

மரத்தில் வேகம் அதிகமாகவே இருக்கலாம். நடுவில் கூரிய முள்ளும் இரு ஓரங்களில் சிறு கத்திகளும் கொண்ட மரப்பிட் இதற்கு உத்தமம். முள் இடம் பெயராமல் நிறுத்த, ஓரக் கத்திகள் நாரை முதலில் அறுத்துவிடுவதால் துளையின் வாய் பிசிறில்லாமல் அமையும். நல்ல வேலையின் அடையாளம் இலேசான சுருள் சீவல். சீவலுக்குப் பதிலாக மாவு போன்ற தூள் வந்தால் பிட் மழுங்கியிருக்கிறது. தூள் பழுப்பேறிக் கருகல் வாசனையும் கூடவே வந்தால், மழுங்கிய பிட்டை அதிவேகமாகச் சுழற்றுகிறோம் என்பதில் சந்தேகமில்லை. தேக்கு அறுக்க இதமான மரமானாலும் அதன் நாரில் இயற்கையாகவே மணற்சத்து கலந்திருப்பதால் பிட்டின் கூர்மையை விரைவில் தின்றுவிடும். தேக்குக் கதவில் தாழ்ப்பாள்களும் கீல்களும் நிறையப் பொருத்துகிறவர் இடையே ஒருமுறை பிட்டை மாற்றிக்கொள்வது நலம். மறுபுறம் பிட் வெளிவரும்போது பலகை பிய்வதுதான் மரவேலையில் பெரிய விகாரம். பின்னால் ஒரு வேண்டாத பலகையை அண்டக் கொடுத்து இறுக்கிவிட்டால், முக்கியமாக பிளைவுட்டில், அது நேராது. திருகாணி முடுக்குவதற்கு முன்னோடியாக இடும் துளை, ஆணியின் மரை நீங்கலான நடுத்தண்டின் பருமன் இருந்தால் போதும். வேம்பு, கருவேலம் போன்ற கடின மரங்களில் இந்த முன்துளையைச் சோம்பலினால் தவிர்த்தால், மரம் வெடிக்கும் அல்லது ஆணியின் தலை முறியும்.

இரும்பு வேறு சுபாவம் உடையது. அது அவசரத்தை மன்னிப்பதில்லை. பளபளப்பான இரும்பின் மேல் சுழலும் நுனி, தான் நிற்க ஒரு குழி கிடைக்கும் வரையில் வழுக்கி அலையும். ஆகவே குறியிட்ட இடத்தில் சென்டர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் குழி செய்துகொள்வது முதற்கடமை. சாதாரணப் பிட்டின் நுனிக்கோணம் 118 பாகை. 135 பாகையில் தட்டையாகத் தீட்டிய பிட்டுகள் கடினமான உலோகங்களில் தடம் மாறாமல் இறங்கும். பெரிய துளை வேண்டுமானால் முதலில் 3 அல்லது 4 மில்லிமீட்டரில் ஒரு துளையிட்டு, பிறகு பெரிய பிட்டைச் செலுத்தலாம்; ஏனெனில் பிட்டின் நட்டநடு முனை உண்மையில் வெட்டுவதே இல்லை, இரும்பை நசுக்கி விலக்குகிறது. நம் அழுத்தத்தில் பெரும்பகுதி அந்த நசுக்கலிலேயே செலவாகிவிடுகிறது.

இரும்பிலிருந்து வரும் துகளே எல்லாத் துகள்களிலும் அதிகம் பேசுவது. இரண்டு வாய்க்கால்களிலும் ஒரே நீளமாக, வெள்ளியைப்போல் அல்லது இலேசான வைக்கோல் நிறத்தில் சுருள் எழுந்தால் எல்லாம் க்ஷேமம். ஒரு வாய்க்காலில் மட்டும் சுருள் வந்து மற்றதில் ஒன்றுமே வராவிட்டால், பிட்டைத் தீட்டியவர் ஒரு பக்கத்தை நீளமாக விட்டிருக்கிறார். துளை அளவுக்கு மேல் பெரிதாகப் போகும். சுருள் கருநீலமானால் உஷ்ணம் மிகுந்துவிட்டது. சுருளின்றிக் கருந்தூள் மட்டும் வந்து, கிறீச்சென்ற ஒலியும் கேட்டால், பிட் தேய்க்கிறதேயன்றி வெட்டவில்லை. அமெரிக்காவில் டெய்லரும் வொயிட்டும் கண்டுபிடித்து 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய உயர்வேக எஃகு, சூட்டில் சிவந்தபோதும் கூர் இழக்காதது என்று பிரசித்தி பெற்றது, கடைகளில் ஹெச்.எஸ்.எஸ். என்று விற்பது அந்த வம்சமே. ஆயினும் சாதுவான முறையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வேலை செய்கிறவர் அந்தப் பெருமையைச் சோதிக்க வேண்டிய அவசியமே ஏற்படாது. மெஷின் எண்ணெய் இல்லாத வீட்டில் தேங்காயெண்ணெய் போதுமானது. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விசேஷம். இல்லாவிட்டால் அதன் துகள் பிட்டோடு ஒட்டிப் பற்றிக்கொள்ளும். வார்ப்பிரும்புக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். அதன் துகள் சுபாவமாகவே கரும்பொடி, எண்ணெய் பட்டால் சேறாகிவிடும்.

எவர்சில்வரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அதில்தான் பல நல்ல பிட்டுகள் மாண்டு போகின்றன. அந்த உலோகத்தைத் தேய்த்தால், தேய்த்த இடம் முன்னிலும் கடினமாகிவிடுகிறது. சந்தேகத்தோடு மெல்ல அழுத்தி அதிவேகமாகச் சுழற்றுகிறவர், தாம் துளைக்க வேண்டிய இடத்துக்குத் தாமே கவசம் அணிவித்துக்கொண்டிருக்கிறார். வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, முதல் கணத்திலிருந்தே உறுதியாக அழுத்தி, சுருள் நிற்காமல் வந்துகொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்; சுருள் நின்றால் அழுத்தமும் நிற்க வேண்டும், பிட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். கோபால்ட் கலந்த பிட் இதற்கு வாங்கத் தகும். கடையில் மலிவாகப் பெட்டியோடு கிடைக்கும் பொன்னிறப் பிட்டுகளின் பொன் பூச்சளவே என்பதையும் கவனித்துக்கொள்ளலாம்.

மெல்லிய தகடுதான் எல்லாவற்றிலும் அபாயமானது. பிட் மறுபுறம் ஊடுருவும் சமயத்தில் தகட்டைக் கவ்விக்கொண்டு அதையும் தன்னோடு சுழற்ற முயலும். கையால் பிடித்திருந்த தகடு அப்போது கத்தியாகிவிடுகிறது. இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே அதை வைத்து இறுக்கியே துளையிட வேண்டும். தோளில் துண்டு, காற்றில் ஆடும் துப்பட்டா, தளர்ந்த முழுக்கைச் சட்டை இவற்றோடு டிரில் மெஷினை எடுக்கலாகாது. கையுறையும் சுழலும் பிட்டின் அருகில் பாதுகாப்பு அன்று, சிக்கிக்கொள்ளும் துணிதான். கண்ணாடி அணிவது மட்டும் எப்போதும் வேண்டும்.

இனிச் சுவர். நம் வீடுகளில் டிரில் மெஷினுக்கு நேரும் வேலையில் பெரும்பகுதி சுவரில்தான். அதில் நேரும் மனத்தாங்கலும் அதிகம். சுவருக்கு உரிய பிட்டின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான துண்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். 1920-களில் ஜெர்மனியின் குரூப் ஆலை, வைரத்துக்கு நிகரானது என்ற பொருள்படப் பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்த பதார்த்தம் இது. இந்த நுனி வெட்டுவதில்லை. அம்மி கொத்துகிறவர் உளியைச் சற்றே திருப்பித் திருப்பி அடிப்பதுபோல, அடியும் திருப்பலுமாகக் கல்லை நொறுக்குகிறது. வாய்க்கால் நொறுங்கியதை வெளியேற்றுகிறது. சாதாரண ஹேமர் டிரில்லில் இந்த அடி, பல் வைத்த இரு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து ஏறி விழுவதால் உண்டாகிறது. நாம் அழுத்தினால்தான் பற்கள் கூடும். ரோட்டரி ஹேமர் என்னும் பெரிய கருவியில், குழலுக்குள் அடைபட்ட காற்று ஒரு கட்டையை முன்தள்ளி அடிக்கிறது. அங்கே நம் அழுத்தம் ஏறக்குறைய அநாவசியம். கான்கிரீட்டில் நாலைந்து துளைகளுக்கு மேல் போட வேண்டியவர், சிறு கருவியோடு மல்லுக்கட்டாமல் பெரியதை வாடகைக்கு எடுப்பது விவேகம்.

எந்தச் சுவரிலும் முதல் சில நொடிகள் சுத்தியல் விசையின்றி, மெல்லச் சுழற்றி வாய் திறந்துகொள்ள வேண்டும்; பிறகுதான் அடி. அப்போது வரும் தூளின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் வருவது சிமெண்டுப் பூச்சின் சாம்பல் நிறத் தூள். 12 அல்லது 15 மில்லிமீட்டர் ஆழத்தில் அது செந்தூளாக மாறினால் செங்கல்லுக்குள் பிரவேசித்துவிட்டோம். செந்தூளுக்கு நடுவே மறுபடியும் சாம்பல் நிறம் வந்து, பிட்டும் இலகுவாக இறங்கினால், அது இரண்டு செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து. திருகாணியைப் பற்ற துளைக்குள் செருகும் பிளக் அங்கே நிற்காது, இரண்டு விரற்கடை மேலோ கீழோ தள்ளிப் போட வேண்டும். செந்தூளே வராமல், சாம்பல் தூளும் வர வர அரிதாகி, பிட் முன்னேற மறுத்தால் அது கான்கிரீட். திரைச்சீலைக் கம்பி மாட்ட முயன்ற குடும்பத்தலைவர் அநேகர் இவ்விடத்தில்தான் கருவியையும் கடைக்காரரையும் நொந்துகொள்கிறார்கள். ஜன்னலுக்கு நேர் மேலே ஓடுவது சுவரைத் தாங்கும் லிண்டல் என்ற கான்கிரீட் உத்தரம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. லிண்டலுக்கு மேலே போய்விட்டால் மறுபடியும் செங்கல்தான். திரைச்சீலை அரை அடி உயர்ந்து தொங்குவதால் ஜன்னலுக்கும் அது அழகே. கான்கிரீட்டிலேயே போட்டாக வேண்டுமென்றால், பொறுமையாக, இடையிடையே பிட்டை ஆறவிட்டுப் போடலாம். உலோக ஓசை கேட்டு அறவே நின்றுவிட்டால் உள்ளேயிருக்கும் கம்பியில் முட்டியிருக்கிறது. கம்பியோடு போராடிக் கார்பைடு நுனியை இழப்பதில் புருஷார்த்தம் ஒன்றுமில்லை. இடத்தை மாற்ற வேண்டும்.

பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களிலும், ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. கற்களால் எழுப்பிய சுவர்களிலும் சுத்தியல் விசை வேண்டாம். அடி பட்டால் துளை கிண்ணமாக அகன்றுவிடும். செட்டிநாட்டு வீடுகளின் பளிங்கு போன்ற சுண்ணாம்புப் பூச்சில் துளையிட நேர்ந்தால், முதலில் அதன்மேல் நாடாவை ஒட்டிக்கொண்டு, கூரான பிட்டைச் சுழற்சியால் மட்டுமே செலுத்த வேண்டும்; கூடுமானால் அங்கே துளையே இடாதிருப்பது இன்னும் மேல். எந்தச் சுவரிலும் தூள் ஈரமாக வந்தால் உடனே நிறுத்த வேண்டும். பக்கத்தில் தண்ணீர்க் குழாயோ கசிவோ இருக்கிறது. சுவருக்குள் புதைத்த மின்குழாய்கள் சுவிட்சுப் பெட்டியிலிருந்து பெரும்பாலும் நேர் மேலாகவும், தண்ணீர்க் குழாய்கள் அடைப்பானிலிருந்து நேர் மேலும் கீழுமாகவும் செல்லும். அந்த ரேகைகளில் துளை கூடாது. சந்தேகமிருந்தால் அந்தச் சுவரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வேறோர் அறையிலிருந்து நீட்டுக் கம்பி கொண்டுவந்து வேலை செய்யலாம்.

துளை ஆழம் பிளக்கின் நீளத்தைவிட அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மிகுந்திருக்க வேண்டும்; பிட்டின்மேல் அந்த அளவில் ஒரு நாடாத் துண்டைச் சுற்றிவைத்தால் அளவு தவறாது. 8 மில்லிமீட்டர் பிளக்குக்கு 8 மில்லிமீட்டர் பிட். பிளக் பூச்சுக்குள் நின்றுவிடாமல் முழுவதும் செங்கல்லுக்குள் போக வேண்டும். முற்காலத்தில் உளியால் சதுரக் குழி தோண்டி மரக்கட்டை அடித்து, அதன்மேல் ஆணி அறைந்தார்கள். சுவரைச் சிதைக்காமல் மின்சாதனங்களை மாட்ட வேண்டுமென்று பிரிட்டிஷ் மியூசியத்தார் கேட்டதன்பேரில், 1910-களில் ராலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் சணல் நாரைப் பசையிட்டு உருட்டிச் செய்த குழல்தான் ராவல் பிளக் ஆயிற்று; 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். பிளக்கைச் செருகுமுன் துளைக்குள் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றுவது அவசியம்; தூள் தங்கினால் பிளக் சுவரைப் பற்றாமல் தூளைப் பற்றும். ஆனால் வாயால் ஊதுகிறவர் கண்ணை மூடிக்கொள்வதோடு மூக்குக்கும் கவசம் அணிய வேண்டும். கல்தூளிலுள்ள நுண்ணிய மணல் நுரையீரலை விட்டு வெளியேறுவதில்லை. சைக்கிள் பம்பால் ஊதுவது இதற்கு நல்ல உபாயம்.

டைல்ஸ் ஒட்டிய சுவரில் சுத்தியல் விசையை அணைத்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். குறியிட்ட இடத்தில் காகித நாடாவைக் குறுக்காக ஒட்டினால் பிட் வழுக்காது. சாதாரண மெருகு டைல்ஸில் ஈட்டிமுனைக் கார்பைடு பிட், குறைந்த வேகத்தில், வெண்மாவைத் தள்ளிக்கொண்டு இறங்கும். விளிம்பிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும், இல்லையேல் மூலை பிளக்கும். டைல்ஸைத் தாண்டியதும் பிட்டை மாற்றிக்கொண்டு, பின்னாலுள்ள சுவரில் அடியைத் துவக்கலாம். ஆனால் இப்போது பரவிவரும் விட்ரிஃபைடு டைல்ஸுக்கும், சமையல் மேடைக் கிரானைட்டுக்கும், கண்ணாடிக்கும் கார்பைடு போதாது. வைரப்பொடி பதித்த குழல் பிட்டே வேண்டும். கார் ஜன்னலிலும் குளியலறைத் தடுப்பிலும் இருக்கும் டஃபண்ட் கண்ணாடியில் எந்தப் பிட்டாலும் துளையிட முடியாது. தொட்ட மாத்திரத்தில் முழுவதும் சிதறிவிடும். அதில் துளை வேண்டுமானால் ஆலையில் பதமேற்றுவதற்கு முன்பே இட்டாக வேண்டும்.

வைரப் பிட்டின் தொழில் அரைத்தல். அதற்குத் தண்ணீர் இன்றியமையாதது. மேடைக் கிரானைட்டில் குழாய் பொருத்த 35 மில்லிமீட்டர் துளை போடுவதானால், குறியைச் சுற்றிக் களிமண்ணால் சிறு வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். மின்கம்பி கொண்ட கருவியின்மேல் தண்ணீர் தெறிக்கும் அபாயம் இருப்பதால், பேட்டரியில் ஓடும் கருவி இவ்வேலைக்குச் சிறந்தது. நடுமுள் இல்லாத குழலாதலால் முதலில் சாய்த்துப் பிடித்துப் பிறைபோல் ஒரு தடம் விழச் செய்து, பின் மெல்ல நிமிர்த்த வேண்டும். அழுத்தம் கருவியின் எடையளவே இருக்கட்டும். கையை இலேசாக வட்டமாக ஆட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் அடிவரையில் போகும். துளையிலிருந்து பால்போன்ற குழம்பு வந்துகொண்டிருக்கும் வரையில் வேலை நடக்கிறது. குழம்பு கெட்டிப்பட்டால் தண்ணீர் போதவில்லை, தெளிந்த தண்ணீரே நின்றால் பிட் மழுங்கிப் பளபளத்துவிட்டது. அப்படிப் பளபளத்த பிட்டை ஒரு செங்கல்லிலோ சாணைக்கல்லிலோ சிறிது நேரம் ஓட்டினால் புதிய வைரத் துணுக்குகள் தலைகாட்டி மறுபடி அரைக்கத் தொடங்கும். அடிப்புறம் நெருங்கும்போது அழுத்தத்தை ஏறக்குறைய முழுவதும் விட்டுவிட வேண்டும். மேடைக்குக் கீழே ஒருவர் பலகையை அண்டக் கொடுத்தால் ஓரம் சில்லாகப் பெயராது. அறுந்த வட்டக் கல் பெரும்பாலும் குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதைச் சுத்தியலால் தட்டி எடுக்க முயலாமல், குழலின் பக்கத்திலுள்ள பிளவு வழியாக ஓர் ஆணியை விட்டு நெம்பி வெளியே தள்ளிய பிறகே அடுத்த துளைக்குக் குறியிட வேண்டும்.